வாசலுக்கு வெளியே

பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பியிருந்தார்கள். தண்டவாளம் வளைந்து மறைகிற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. தாமதத்திற்கு வருந்துவதாக ஒரு பெண் குரல் அறிவித்துவிட்டு அடங்கியது.

"மகாராணி இன்னும் எந்திரிக்கலையாம்" என்றார் மடிப்பு மெஷின் ஓட்டுகிற பெரியவர். ரயிலுக்கு அவர் வைத்த பெயர் அது. முதல் வாரம் அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பசைக்காரி சாப்பாட்டுப் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். மருந்துக்கு அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் அவளுக்கு ஒட்டுகிற பிரிவில் வேலை. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் அதே கம்பெனியில் அட்டை வெட்டும் மெஷினில் இருந்தான். அவன் வெட்டுவான், அவள் ஒட்டுவாள் என்று கல்யாணம் ஆனதிலிருந்தே கேலி. கட்டிங்காரன், பசைக்காரி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பேராக நின்றுவிட்டது.

கம்பெனி ஊருக்குள் இருந்தவரை இரண்டு பேரும் நடந்தே போனார்கள். வழியில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். பிறகு முதலாளி அந்த இடத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டு, நெடுஞ்சாலைக்கு அப்பால் புதிதாக ஷெட் போட்டார். கம்பெனி பஸ் வரும், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று மைக் வைத்துச் சொன்னார்கள். பஸ்ஸும் வந்தது. மழை தொடங்குவதற்குள் டீசல் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வாசலை மூடுகிற நேரத்தை மட்டும் மாற்றவில்லை.

"பேசாம நாலஞ்சு பேரு சேர்ந்து ஒரு காரு பேசிரலாம்ணே" என்றான் லோடு ஏற்றுகிறவன். "நெருக்கி உக்காந்தா எல்லாரும் போயிரலாம்."

"எந்தக் காரு?" என்றார் பெரியவர். "உன் மச்சான் வெச்சிருக்கானே, அந்தக் கப்பலா? அதுல ஏறுறவங்களவிடத் தள்ளுறவங்கதான் ஜாஸ்தி."

"அப்ப பைக்குதான்."

"அந்த ரோட்டுல பைக்கா?" என்றாள் பசைக்காரி. "லாரிக்காரன் கண்ணுக்கு நாம மனுசனாவே தெரிய மாட்டோம். ரயிலு லேட்டானாலும் முழுசாக் கொண்டுபோய்ச் சேர்க்குது."

கட்டிங்காரன் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரயில் வந்தது. ஏறிப்போய் இறங்கியதும், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த சேற்றுப் பாதையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வாசல் மூடியிருந்தது. காவலாளியைத் தாழ்ப்பாள் என்று கூப்பிடுவார்கள். அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எங்கிட்ட கோவிச்சு என்னம்மா பண்றது? மேலேருந்து உத்தரவு. மதியம் வாங்க, அரை நாள் போட்டுக்கலாம்."

பின்னால் ஹாரன் கேட்டது. சேறு தெறிக்காமல் எல்லோரும் ஓரமாக ஒதுங்கினார்கள். பர்சனல் மேனேஜரின் கார். தாழ்ப்பாள் இரண்டு கதவையும் விரியத் திறந்து சலாம் வைத்தார். கார் கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று பசைக்காரியின் வியர்த்த முகத்தில் பட்டது.

"என்ன கூட்டம் இங்க? வழியை விட்டு நில்லுங்க."

கார் போனதும் கதவு மறுபடி மூடிக்கொண்டது.

"இவரு மட்டும் லேட்டு இல்லியா?" என்றாள் பசைக்காரி.

"அவங்க கார்ல வர்றாங்கம்மா" என்றார் தாழ்ப்பாள்.

மதில் ஓரத்தில் நிழல் இல்லை. மதியம் வரை அங்கேயே குந்தியிருந்தார்கள். உள்ளே வெட்டும் மெஷின் இறங்கி ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கட்டிங்காரன் தரையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து, இனி ஒடிக்க முடியாது என்கிற அளவுக்குத் துண்டு துண்டாக ஒடித்தான்.

அன்று ராத்திரி வீட்டில் அவன் பேச்சை எடுத்தான்.

"இனி பைக்குலதான் போறோம்."

"எனக்கு பயமா இருக்குங்க. அந்த ரோட்டுல உசிரு நம்ம கையில இல்ல."

"ரயில்ல போனா வேலை நம்ம கையில இல்ல. இன்னொரு தடவை வெளிய நின்னா ஆளை மாத்திருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். கேட்டேல்ல?"

தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். "அப்பா, நாம கார் வாங்கலாம்ல?"

"வாங்கிட்டாப் போச்சு" என்றாள் பசைக்காரி. "உங்கப்பா அட்டையில வெட்டிக் குடுப்பாரு. நான் ஒட்டித் தர்றேன். நீ ஓட்டு."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு பைக்கைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் சரியாகத்தான் போயிற்று. மகளைப் பள்ளிக்கூடம் அழைத்துப்போக எதிர் வீட்டு அக்கா ஒத்துக்கொண்டாள். நெடுஞ்சாலையில் ஏறியதும் பசைக்காரி கண்ணை மூடிக்கொள்வாள். திறந்தால் லாரிச் சக்கரத்தின் திருகாணிகள் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் சுழன்றுகொண்டிருக்கும். ஆனால் வாசலை எட்டும்போது ஒவ்வொரு நாளும் அது திறந்திருந்தது. தாழ்ப்பாள்கூடச் சிரித்தார்.

அன்று காலையில் தூறல். ஒரு டேங்கர் லாரி வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது.

"பின்னாலயே போங்க" என்று அவன் காதருகே கத்தினாள்.

"இப்படியே போனா மூடிருவான்."

அவன் இடது ஓரமாக வண்டியை இறக்கினான். தார் முடிந்து ஜல்லி தொடங்கும் இடம் நனைந்திருந்தது. டேங்கர் ஓட்டுநர் ஹாரனை அழுத்தி எடுக்காமல் பிடித்தான். முன்சக்கரம் ஜல்லிக்குள் இறங்கித் திரும்பிக்கொண்டது. பசைக்காரி விழும்போது வலது கையை ஊன்றினாள். உள்ளே முறிந்தது அவளுக்கே கேட்டது.

கட்டிங்காரன் முழங்கால் கிழிந்து தவழ்ந்து வந்தான். டேங்கர் நிற்காமல் போய்விட்டது. அவள் கை, வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. மழைத்துளி முகத்தில் விழ அவனைப் பார்த்தாள்.

"நீங்க போங்க" என்றாள். "வாசலை மூடிருவான்."

அவன் போகவில்லை. அன்று முழுவதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். இரண்டு இடத்தில் முறிவு, விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் பர்சனல் மேனேஜரின் அறையில் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"ரொம்ப வருத்தமான விஷயம்தான். ஆனா நடந்தது வாசலுக்கு வெளியே. கம்பெனி இதுல ஒண்ணும் பண்ண முடியாது."

"உங்க வேலைக்கு வர்றதுக்கு இல்லாம வேற எதுக்கு சார் அந்த ரோட்டுல போனோம்? காத்து வாங்கவா?"

"குரலை இறக்கிப் பேசுப்பா. பைக்ல வான்னு நாங்க சொன்னோமா? ரயில் இருக்கு. கொஞ்சம் முன்னாடி கிளம்பினா ஆகாதா?"

"அதுக்கு முன்னாடி ரயிலே கிடையாது சார். பஸ்ஸை நீங்கதான் நிறுத்தினீங்க. நாங்க லேட்டா வந்தா மூடுன வாசல், உங்க கார் லேட்டா வந்தப்ப எப்படி சார் திறந்துச்சு?"

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

"உங்க சம்சாரம் இடத்துக்கு வேற ஆள் எடுத்தாச்சு. கை சரியானதும் காலி இருந்தா பாப்போம். நீ மெஷினுக்குப் போ. உனக்காவது இந்த வேலை இருக்கணும்ல?"

அவன் மெஷினுக்குப் போனான். அட்டையை வைத்தான். கத்தி இறங்கியது, ஏறியது. அடுத்த அட்டையை வைக்காமல் ஸ்விட்சை அணைத்தான்.

மடிப்புப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "என்ன சொன்னான்?"

"வாசலுக்கு வெளிய விழுந்தாளாம். ஆள் போட்டுட்டாங்களாம்."

பெரியவர் தன் மெஷினையும் அணைத்தார். அவருக்கு அடுத்த மெஷின் நின்றது. லோடு ஏற்றுகிறவன் தூக்கிய அட்டைக் கட்டைத் தரையில் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான். ஷெட்டில் அதுவரை கேட்காத மின்விசிறிச் சத்தம் கேட்டது.

சூப்பர்வைசர் ஓடிவந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"யாருக்கெல்லாம் வீட்டுக்குப் போகணும்? சொல்லுங்க, இப்பவே அனுப்பறேன். வெளிய எத்தனை பேரு நிக்கிறாங்க தெரியும்ல?"

கடைசி வரிசையில் ஒரு மெஷின் முதலில் கிளம்பியது. பிறகு இன்னொன்று. பெரியவர் கட்டிங்காரனைப் பார்க்காமல் ஸ்விட்சைப் போட்டார். லோடு ஏற்றுகிறவன் எழுந்து கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டான். எல்லாவற்றுக்கும் பின்னால் வெட்டும் கத்தி இறங்கியது. சாயங்காலம் வரை யார் கூப்பிட்டும் கட்டிங்காரன் திரும்பவில்லை.

அடுத்த நாள் காலை அவன் வண்டியை வெளியே எடுத்தபோது தெருமுனை வீட்டுப் பெண் வந்து நின்றாள். படிப்பை முடித்து வீட்டிலிருந்தவள். புது மழைக்கோட்டுப் போட்டிருந்தாள். கடையில் மடித்து வைத்திருந்த மடிப்பு இன்னும் போகவில்லை.

"அண்ணே, நானும் உங்க கம்பெனிலதான் சேர்ந்திருக்கேன். ரயிலை நம்பாதேன்னு எல்லாரும் சொல்றாங்க. பின்னால இடம் இருந்தா..."

"எந்த செக்‌ஷன்?" என்றான்.

"ஒட்டுறது."

அப்போதுதான் வாசற்படியில் நின்ற பசைக்காரியையும், கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கிய மாவுக்கட்டையும் அவள் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா..."

கட்டிங்காரன் வண்டியின் கைப்பிடியை நெரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். தூறல் வலுத்தது.

"நின்னுக்கிட்டே இருந்தா நேரம் போயிரும்" என்றாள் பசைக்காரி. "ஏறு."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். மழைக்கோட்டின் நுனி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. பசைக்காரி படியிறங்கி வந்து, இடது கையால் அதை இழுத்து, மடித்து, அவள் தொடைக்கு அடியில் செருகினாள். ஒரு கையில் அது சரியாக வரவில்லை. இரண்டாவது தடவையும் செருகினாள்.

"ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

வண்டி தெருவைத் தாண்டித் திரும்பியது. மழை, மாவுக்கட்டின்மேல் சின்னச் சின்னப் புள்ளியாக விழுந்து ஊறிக்கொண்டிருந்தது.