தனியே நின்ற பூண்டு

மூணாறுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் வட்டவடையில் விதைப் பூண்டை அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதைச் சாகவிட்ட வீட்டை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். போன வருஷ மழையில் ராமுத்தாயின் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போய், அடுப்புக்கு மேலே வெறும் கயிறு மிஞ்சியது. பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கூடவே ஊரெல்லாம் சொல்லியுமிருப்பார்கள். அவள் யாரிடமும் மூச்சுவிடாமல் ஜீப்பில் மூணாறு போய்க் கடைப் பூண்டு வாங்கிவந்து ஊன்றிவிட்டாள்.

புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் திருப்பூரில் இருந்தான். பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவான், அதிலும் பாதியில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவான். திருப்பூரில் சிக்னலுக்கா பஞ்சம்! சில நாள் ராமுத்தாய் தன் குரலையே கேட்காமல் படுத்துக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் நர்மதா வந்தாள். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிப் பெண். வட்டவடையில் வீட்டுக்கு வீடு பூண்டு வேறுபடுகிறதா என்று டிஎன்ஏ பார்த்து ஆராய்ச்சி செய்பவள். குருத்து இலையைக் கிள்ளிக் கவரில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க்கா, இது உங்கூட்டுப் பழைய பூண்டுதானுங்களே?"

"எங்க மாமியா காலத்துப் பூண்டு தாயி," என்றாள் ராமுத்தாய் கூசாமல்.

காப்பி போட்டாள். நர்மதா அடுப்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து குடித்தாள், ஹாஸ்டல் சாம்பாரை வாய் நிறையத் திட்டினாள், இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினாள். அவள் போனபின் வீடு முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிட்டது. செடியின் உயரம் அளக்க, பூண்டு எடுத்து எடைபோட என்று அவள் மறுபடி மறுபடி வந்தாள். ராமுத்தாய் ஜீப் சத்தத்துக்குக் காது கொடுத்தே பழகிப்போனாள்.

அன்று படியேறும்போதே நர்மதா கத்தினாள்.

"டிஎன்ஏ ரிசல்ட் வந்திருச்சுங்க்கா! பூண்டுக்கு விதை இல்லீங்களே, பல்லைத்தானுங்களே ஊனறோம். அதனால ஊர்ப் பூண்டெல்லாம் அண்ணன் தம்பியாட்டம் ஒட்டி நிக்குது. உங்களுது மட்டும் தள்ளித் தனியா நிக்குதுங்க! இப்படியொரு பழைய வகை இருக்கறதே யாருக்கும் தெரியாதுங்க. இனி மாசாமாசம் வரோணும். உங்கூட்லயே தங்கிக்கட்டுங்களா?"

ராமுத்தாய்க்கு வயிறு குளிர்ந்தது. அடுத்த நொடியே மூணாறு கடை நினைவுக்கு வந்தது. இருந்தும் மனம் அதுபாட்டுக்குப் பின்னறையைக் கூட்டிப் பெருக்கி, கம்பளியை வெயிலில் போட்டுவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கடைக்காரனா வந்து சொல்லப்போகிறான்?

"எங்க சார் என்ன சொல்றாருங்க தெரியுமா? ஊர்ல எல்லாருக்கும் உங்க பூண்டுப் பல்லையே ஊனக் குடுக்கலாங்கறாரு," என்றாள் நர்மதா.

அதற்குப் பிறகு அவள் பேசிய எதுவும் ராமுத்தாயின் காதில் ஏறவில்லை. நல்ல பூண்டையெல்லாம் தள்ளிவிட்டு, ஊரே அந்தக் கடைப் பூண்டை ஊன்றும். இந்தப் பிள்ளை அதை எழுதிப் பட்டமும் வாங்கும். என்றைக்காவது எவனாவது கண்டுபிடித்தால் நர்மதாதான் தலை குனிய வேண்டியிருக்கும்.

ஜீப் வரை கூடவே போனாள். ஏறப்போனவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, அது கடப் பூண்டு. எங்களுது அழுகிப்போச்சு. மூணாறு மார்க்கெட்ல வாங்கியாந்து ஊனுனேன்."

நர்மதாவின் முகம் செத்துப்போயிற்று.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க்கா? சொல்லியிருந்தா உங்கூட்டை விட்டுப்போட்டு அடுத்த ஊட்டுக்குப் போயிருப்பேனுங்களே!"

"அதுக்குத்தான் சொல்லல," என்றாள் ராமுத்தாய்.

ஜீப்காரர் ஹாரன் அடித்தார். நர்மதா ஏறிக்கொண்டாள்.