எந்தக் கால்

பேருந்து ஏழு இருபதுக்கு. அதை விட்டால் மூன்று நாள் கழித்துத்தான் அடுத்தது.

தங்கை ஆறு மணிக்கே பையைக் கட்டிவிட்டாள். எட்டுக் கட்டில் போட்ட அறையில் அவர்கள் இருவர் மட்டும். அக்கா கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து காலுறையை விரலால் நீவி நீவி மாட்டிக்கொண்டிருந்தாள். சுருக்கம் இருக்கக் கூடாது. ஒரு காலுறைக்கு நாலு நிமிடம்.

பதினெட்டு நாள் நடக்க வேண்டிய பாதை. ஒன்பது நாள் முடிந்திருந்தது. நேற்று மாலை இந்த விடுதிக்கு வந்து சேர்ந்ததும் தங்கை சொல்லிவிட்டாள். கால் வலி, நாளைக்குப் பேருந்தில் ஊர் திரும்புகிறேன். அக்கா சரி என்றாள். நீ? நான் நடக்கறேன். அவ்வளவுதான் பேச்சு.

தங்கை நீச்சல் பயிற்சியாளர். நாற்பத்தொரு வயது. நீச்சல்குளத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் விசில். இந்த நடைக்காக ஆறு மாதம் தயார் செய்தாள். பை சுமந்து மாடிப்படி ஏறி இறங்கினாள். எடை குறைய பல் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக வெட்டினாள். அக்கா அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருடம் ஒரே நாற்காலி. அவள் செய்த தயாரிப்பு, புது ஷூவைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் வேலைக்குப் போனது.

அத்தான் அக்காவைத் தனியே விட மறுத்தார். "விசில் வந்தா போ. நீ விழுந்தா தூக்கிட்டு வருவா."

தங்கை வந்தது அதற்காகத்தான். தூக்குவதற்கு.

"இன்னும் வலிக்குதா?" என்றாள் அக்கா.

"ம்."

"வீங்கியிருக்கா?"

"உள்ளுக்குள்ள."

தங்கை குழாயடி வரை நொண்டிப் போனாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே வந்தாள்.

சாப்பாட்டு அறை கீழே இருந்தது. விடுதிக்காரம்மா தங்கை படியிறங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"காலைத் தூக்கி இதுல வச்சுக்கம்மா. பஸ்ஸு வாசல்லயே நிக்கும். நடக்கவே வேணாம்."

ரொட்டியும் டீயும் வைத்துவிட்டு உள்ளே போனாள். அக்கா ரொட்டியின் நாலு மூலைக்கும் வெண்ணெய் தடவினாள். தடவி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"நேத்து வலது கால்."

"என்ன?"

"நேத்து வலது கால்ல நொண்டின. இன்னைக்கு இடது. எதைத் திருத்தட்டும்?"

தங்கை நாற்காலியில் நீட்டியிருந்த காலைப் பார்த்தாள். இடதுதான். மெல்லக் கீழே இறக்கினாள்.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"இப்பதான், படியில. ஒரே சொல்லு பக்கத்துக்கு ஒரு விதமா இருந்தா என் கண்ணு அங்கயே நின்னுடும். வேணும்னு பாக்கலடி. தொழில்."

தங்கை டீயைக் கலக்கினாள். அதில் கலக்க ஒன்றுமில்லை. மூன்று நாளாக அவள் விழித்ததும் செய்யும் முதல் வேலை, கட்டை விரலிலிருந்து இடுப்பு வரை தடவிப் பார்ப்பது. ஒரு கொப்புளம், ஒரு சுளுக்கு, எதுவானாலும் போதும். உடம்பு கை விரித்துவிட்டது. நாடித் துடிப்பு ஐம்பத்து நாலு. பிள்ளைகளுக்குச் சொல்லி மெச்சிக்கொள்ளலாம் போல.

"வலி ஒண்ணும் இல்லக்கா. முடியல."

"சரி."

"சரின்னா?"

"முடியலன்னா முடியல. அதுக்கு எதுக்குக் கால் மேல பழி போடற. பாவம் அது."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"குளத்துல இருபத்தஞ்சு மீட்டருக்கு ஒரு சுவர் வரும். தொட்டுட்டுத் திரும்பலாம். நூறு தடவை போனாலும் சுவர் இருக்கும். இங்க ஒரு மேடு ஏறினா இன்னொரு மேடு. அதை ஏறினா அதோட தம்பி. மண்டைக்குள்ள ஒருத்தன் உக்காந்துக்கிட்டு எதுக்கு, எதுக்குன்னு கேட்டுட்டே வர்றான். உனக்குக் கேக்கலையா?"

"கேக்கும். எனக்கு அவன் ரொம்ப வருஷப் பழக்கம். எந்தப் புத்தகமானாலும் இருநூறாம் பக்கத்துல வந்துடுவான்."

"என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்றதில்ல. அவன் பாட்டுக்குக் கேப்பான். நான் பாட்டுக்கு அடுத்த வரி."

"நீ நிஜமாவே அந்தப் பாலத்துக்குத்தான் வந்தியா?"

"பின்ன?"

இந்தப் பாதைக்கான வழிகாட்டிப் புத்தகம் அக்காவின் அச்சகத்தில்தான் அச்சானது. பதினைந்தாம் நாள் ஒரு கல்பாலம் வரும். நாற்பதாம் பக்கத்தில் அதற்கு அடியில் மூன்று வளைவுக் கண். நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் நாலு கண். அக்கா ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினாள். எழுதியவர், இரண்டும் இருக்கட்டும், யார் எண்ணப் போகிறார்கள் என்று பதில் எழுதினார். அப்படியே அச்சாகிவிட்டது. நாலு வருடம் ஆகிறது.

"போட்டோல எண்ணியிருக்கலாம்ல."

"தேடிப் பாத்துட்டேன். எல்லாப் போட்டோலயும் பாலத்து மேல ஜோடி ஜோடியா நிக்குறாங்க. அடியில வளைவ எவனும் எடுக்கல."

மணி ஆறு ஐம்பது. அக்கா இரண்டு கையையும் மேசையில் ஊன்றி எழுந்தாள். பையை எடுக்க மாடிக்குப் போனாள்.

தங்கை கீழே உட்கார்ந்தபடி பார்த்தாள். ஒன்பது நாளும் அவள்தான் முன்னால். மேட்டில் ஏறி, உட்கார்ந்து, காத்திருப்பாள். அக்கா வளைவு திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வருவாள். அக்கா நடந்து அவள் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். அக்கா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்தாள். முதலில் வலது. பிறகு கைப்பிடியை இழுத்து இடது. முதலில் வலது. பிறகு இடது. மாறவே இல்லை.

தங்கை இரண்டிரண்டு படியாக ஓடினாள். விடுதிக்காரம்மா கதவோரம் நின்று அந்த ஓட்டத்தைப் பார்த்தாள். இழுத்துப் போட்ட நாற்காலியைத் திரும்ப மேசைக்கடியில் தள்ளினாள்.

"பேண்ட்டைத் தூக்கு."

"எதுக்குடி?"

"தூக்குக்கா."

இரண்டு முட்டியும் ஒரே ஆளுடையதாக இல்லை. தங்கை மண்டியிட்டு இடது முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மடக்கச் சொன்னாள். நீட்டச் சொன்னாள். பக்கவாட்டில் அழுத்தினாள்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாம் நாள்."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"உனக்கே தெரியாது."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீ முன்னாடி இருந்த."

அக்கா அதைக் குறையாகச் சொல்லவில்லை. இடம் சொல்வதுபோலச் சொன்னாள். தங்கை பையிலிருந்து ஒட்டுப்பட்டையை எடுத்தாள். எடைக்குப் பயந்து கத்தரிக்கோல் கொண்டுவரவில்லை. பல்லால் கிழித்தாள். கீழிருந்து மேலே, இரண்டு பக்கமும், குறுக்கே ஒன்று.

"கூசுது."

"அசையாத. பஸ்ல நீதான் போகணும்."

"எனக்கு முட்டி மட்டும்தான் போச்சு. உனக்கு மொத்தமும் போச்சு. நீ ஏறு."

"பயிற்சியாளரா சொல்றேன். நீ ஏறு."

"மூத்தவளா சொல்றேன். நீ ஏறு."

"உன்னைத் தனியா விட்டுட்டு நான் போய் நின்னா அத்தான் கேப்பாருல்ல. என்ன சொல்றது?"

"கால் வலின்னு சொல்லு. எந்தக் கால்னு மட்டும் பஸ்லயே முடிவு பண்ணிக்கோ."

தங்கை பட்டையின் ஓரத்தை அழுத்தி ஒட்டினாள். கொஞ்சம் பலமாகவே.

"வலிக்குது."

"வலிக்கட்டும். எட்டு நாள் மறைச்சல்ல."

"நீயும்தான் மறைச்ச. ஒண்ணுமில்லாததை."

வாசலில் ஒரு கம்பம், ஒரு பெஞ்சு. அதுதான் நிறுத்தம். ஏழு பத்துக்கு இருவரும் அங்கே உட்கார்ந்தார்கள். தங்கை அக்காவின் பையைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள். அடுப்பை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். பிறகு மழைக்கோட்டு. பிறகு தண்ணீர்.

"என்ன பண்ற? பஸ்ல போறவளுக்கு எதுக்கு அடுப்பு?"

"பஸ்ல போறது நீ. உனக்குத்தான் அடுப்பு வேணாம்."

"அப்ப நடக்கறது யாரு?"

"பேசாம இரு."

வழிகாட்டிப் புத்தகமும் பையில் இருந்தது. தங்கை அதைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். ஓரங்களில் பென்சில் குறிகள். அதை மட்டும் திரும்ப அக்காவின் பையிலேயே வைத்தாள். இரண்டு பையையும் தூக்கிப் பார்த்தாள். அக்காவுடையதிலிருந்து இன்னும் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டாள்.

பாதை சாலையைக் கடந்து எதிர்ப்புறம் ஏறியது. மேடு. அதற்குப் பின்னால் இன்னொன்று தெரிந்தது.

"அந்த ரெண்டாவதுதான் தம்பியா?" என்றாள் அக்கா.

"அது தங்கச்சி."

ஏழு இருபத்திரண்டுக்குப் பேருந்து வந்தது. இருவரும் எழுந்து பையை மாட்டிக்கொண்டார்கள். கதவு திறந்தது. அக்கா தங்கையின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். தங்கை நகரவில்லை. அவள் அக்காவின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் சாய்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேர்ல யாரும்மா ஏறப் போறது?"