போர்மேன் நாற்காலி

வெடித்த சத்தத்தில் ஆய்வக ஜன்னல்கள் கிடுகிடுத்தன. கால்வனாமீட்டரின் ஒளிப்புள்ளி அளவுகோலை விட்டே ஓடிச் சுவரில் விழுந்தது. முனியராஜ் குறிக்கவிருந்த கடைசி அளவு அதோடு போயிற்று.

என்ன சத்தம் என்று யாரும் கேட்கவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு மொத்தமும் ஜன்னலுக்குப் போய், புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்த்தது. ஒருத்தனுடைய அம்மா வெம்பக்கோட்டையில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள், இன்னொருத்தியின் அக்கா சாத்தூர்ப் பக்கம். புகை ஏழாயிரம்பண்ணைக்கு மேலே எழுந்தது. மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். முனியராஜ் பையைக்கூட எடுக்காமல் ஓடினான்.

அவனுடைய அப்பா செல்லச்சாமி அங்கே பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். லாரிக்கு அந்தப் பக்கம் நின்றதால் பிழைத்தார். காது மட்டும் இரண்டு நாள் கேட்கவில்லை. மருந்து அடைக்கும் அறையில் இருந்த பெண்களில் ஒருத்தியும் மிஞ்சவில்லை. நாலு பேர் உட்கார வேண்டிய அறை அது. ஆர்டர் நெருக்கியதால் முதலாளி சீனிச்சாமியே நேரில் நின்று ஒன்பது பேரை உட்கார வைத்திருந்தார்.

போலீஸ் ஜீப் அவரைத் தேடிப் போகவில்லை, சர்ச்சுக்குப் போனது. போர்மேன் யோபு அன்றைக்கு லீவு. மகளுக்கு ஞானஸ்நானம். காகிதத்தில் பொறுப்பு போர்மேனுக்குத்தான் என்றார்கள். கட்டியிருந்த புது வேட்டியோடு யோபு ஜீப்பில் ஏறினார். முதலாளிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி.

ஜூனில் தேர்வு முடிவு வந்தது. முனியராஜ் முதல் வகுப்பு. மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியலுக்கு இடமும் கிடைத்தது. சோடியம் விளக்கின் மஞ்சளை இரண்டாகப் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து அவன் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அந்த வாரமே முதலாளியின் கார் அவர்கள் தெருவுக்குள் வந்தது. கம்பெனியைத் திறக்க அனுமதி கிடைக்கப் போகிறது, புதுப் போர்மேன் வேண்டும், நம்ம பிள்ளை இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றார். தனி அறை, மின்விசிறி, நாற்காலி. செல்லச்சாமி கைகட்டி நின்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை மதுரையில் சேரவேண்டும் என்று முனியராஜ் சொன்னபோது முதலாளி கோபப்படவில்லை. வாங்கிக்கொடுத்த கலர் சோடாவைக் குடித்து முடித்தார். எழுந்திருக்கும்போது தம்பி பாண்டியின் பிளஸ் டூ மார்க்கைக் கேட்டு, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஜாமீனில் வந்திருந்த யோபுவை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தான். ஆள் பாதியாகியிருந்தார். கேஸ் முடியும்வரை வேறு எந்தக் கம்பெனியும் தன்னைச் சேர்க்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், முதலாளி வந்துபோன கதையைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"காலேஜுல நீ எதுக்குலே அப்ளிகேஷன் போட்ட?"

"பி.காமுக்குண்ணே. பிசிக்ஸ்ல இடம் இருக்குன்னு அவுகளே கூப்பிட்டாக. அதிர்ஷ்டம்னு சேந்தேன்."

"எனக்கும் அதே அதிர்ஷ்டந்தான் அடிச்சது. நான் போட்டது தமிழுக்கு." யோபு சிரித்தார். "கம்பெனிக்கு சயின்ஸ் டிகிரி ஒண்ணு எப்பவும் வேணும் தம்பி. வேலைக்கு இல்ல, ஜீப்புக்கு. சீட்டு யாரு சொல்லிக் கெடைச்சதுன்னு ஒங்கய்யாட்ட கேளு."

கேட்டான். செல்லச்சாமி மறைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலாளிதான் கல்லூரிக்குப் போன் போட்டாராம். மூட்டை தூக்குகிறவன் மகன் நாற்காலியில் உட்காரட்டும் என்று தானும் சரி சொன்னாராம். இதில் என்ன தப்பு என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

முனியராஜ் பெட்டியை அடுக்கினான். பாடப் புத்தகங்களை முதலில் வெளியே எடுத்துப் போட்டான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தான். அவனுடைய ஆசை என்று அவன் நம்பியதற்கு வேறொருவர் போன் போட்டிருக்கிறார். ஆனாலும் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தது அவன் கண்தானே.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தான். நடக்கவில்லை. அப்பாவே பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார், மதுரை பஸ்ஸில் ஏற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார். இருக்கன்குடி மாரியம்மன் திருநீற்றை நெற்றியில் பூசிவிட்டார். அவன் ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"ஏன்யா, நான் போறது ஒங்களுக்குக் கோவம் இல்லையா?"

பஸ் உறுமியது. செல்லச்சாமி காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டுவிட்டு, நிம்மதியாகச் சிரித்தார்.

"கோவம் என்னலே, நீ நல்லாப் படி, நம்ம பாண்டிக்கு அதே காலேஜுல பிசிக்ஸ் சீட்டு சொல்லியாச்சு, அவன் முடிச்சு வார வரைக்கும் யோபு சாரே உக்காருதேன்னுட்டாரு."