சத்தம் வராத சிடி

மலையில் ரோந்து போன காவலாளி இசக்கிப்பாண்டி போன் பண்ணினபோது முத்துசெல்வி விடுதி ஆபீஸ் அறையில் தனியாக இருந்தாள்.

"செல்வி, மேல தண்ணி செவந்து வருது. சிடியப் போட்டு எல்லாரையும் கரையேத்து."

குற்றாலத்தை ஒட்டிய அந்தத் தோட்ட விடுதிக்கென்று ஒரு சின்ன அருவி உண்டு. வெள்ளம் வந்தால் தமிழிலும் மலையாளத்திலும் எச்சரிக்கை சொல்ல ஒரு ஆடியோ சிடி இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் அருவிக்கரை ஸ்பீக்கரில் கேட்கும்.

போட்டாள். டிரைவ் சுற்றியது, திரையில் நொடிகள் ஓடின. சத்தம் மட்டும் வரவில்லை.

வால்யூம் முழுசாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரிலேயே கிடந்த ஒரு குத்துப்பாட்டைத் தட்டிப் பார்த்தாள், கரை அதிர்ந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், காலையில் புனலூரிலிருந்து வந்த பரீது பாட்டுக்குத் தண்ணீரில் நின்று ஆடிக்கொண்டிருந்தார். கரையில் அவர் மனைவி சிரித்தாள்.

ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. அப்படியானால் சிடிதான். பிளேயரை மூடித் திறந்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய லினக்ஸ், தென்காசியில் படித்த காலத்திலிருந்தே அவளுக்குப் பழக்கம். இன்னும் ஒன்றைப் பார்த்தால் சரியாகிவிடும் என்றே ஒவ்வொரு தடவையும் தோன்றியது.

பிறகுதான் உறைத்தது. நேற்று கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றினவர், சிடி டிரைவிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஆடியோ வயரைச் சொருகாமல் விட்டிருப்பார். அந்த வயர் இல்லாமலும் சிடியை டிஜிட்டலாகப் படிக்க பிளேயர் செட்டிங்கில் ஒரு கட்டம் உண்டு. டிக் செய்தாள்.

"வெள்ளம் வருகிறது. உடனே வெளியேறுங்கள்."

குரல் நிதானமாக ஒலித்தபோது செம்மண் தண்ணீர் பாறையை மூடியிருந்தது. மற்றவர்கள் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார்கள். பரீது ஏறவில்லை. முத்துசெல்வி படிகளில் விழுந்தடித்து இறங்கியபோது குரல் மலையாளத்துக்கு மாறியிருந்தது. அவர் மனைவி தண்ணீரைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் உடல் கிடைத்தது. முதலாளி பரமசிவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"போன் வந்த உடனே சிடி போட்டேன், அந்தாளுதான் ஏறலன்னு போலீஸ்ல சொல்லிரும்மா."

"சத்தம் பொறவுதான வந்துச்சு அண்ணாச்சி."

"அது யாருக்குத் தெரியப்போவுது?"

இன்ஸ்பெக்டரிடம் அவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவும் பாத்த நேரத்துல கீழ எறங்கி ஒரு கூப்பாடு போட்டிருக்கலாமேம்மா?"

"போட்டிருக்கலாம் சார்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் பரீதின் மனைவி ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். முத்துசெல்வி அருகில் போய், "நாந்தான் அங்கன ஆபீஸ்ல இருந்தேன்" என்றாள். அந்தம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முத்துசெல்வி போகவில்லை, தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி வரும்வரை அங்கேயே நின்றாள்.