கிணற்றடிக் கடல்

மின்வெட்டு மும்முரமாக இருந்த எழுபத்து நாலாம் வருஷத்தில், பெரிய காஞ்சிபுரத்தில் ராஜகோபாலின் சாயப் பட்டறைக் கிணற்றடியில் ஒரு கடல் உண்டானது. உண்டாக்கியவன் அவர் மகன் வரதராஜன். மதராஸில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். அந்தக் கடலுக்குத் தண்ணீர் சேந்தியவன் கலியன்.

கலியனுக்கு அந்தக் கிணற்றில் இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். பட்டு நூலை வேகவைக்க, சாயம் தோய்த்ததை அலச என்று நாளெல்லாம் வாளி வாளியாகச் சேந்துவான். அந்த வருஷம் வலது தோள் விட்டுப்போயிற்று. சாப்பிட்டு முடிப்பதற்குள் கை இரண்டு தரம் கீழே இறங்கிவிடும். இன்னும் ஆறு மாசம் இதே வேலை செய்தால் கை மேலே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளியிடம் போய் மோட்டார் கேட்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"மோட்டாரு வாங்கிடலாம்பா. கரண்டை எவன் குடுக்கிறான்?" என்றார். அதுவும் நியாயம்தான்.

அந்தச் சமயத்தில்தான் வரதராஜன் ஒரு விஷயம் சொன்னான். கடலில் மேல் தண்ணீர் வெயிலுக்கு வெதுவெதுப்பாக இருக்கும், ஆழத்தில் சில்லென்று இருக்கும். மேல் சூட்டைக் கொண்டு சீக்கிரம் ஆவியாகிற ஒரு திரவத்தை ஆவியாக்கினால், அந்த ஆவி சக்கரத்தைச் சுழற்றிக் கரண்டு உண்டாக்கும்; பிறகு ஆழத்துத் தண்ணீரில் குளிர்ந்து பழையபடி திரவமாகும். கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பரீட்சைக்கு அதை அவன் செய்துகாட்ட வேண்டும். காஞ்சிபுரத்தில் கடல் இல்லை என்பது அவனுக்கு ஒரு குறையாகவே படவில்லை. பட்டு வெந்த அண்டாவின் கழிவுத் தண்ணீர் மேல்கடல். முப்பதடிக் கிணறு ஆழ்கடல்.

"இது ஓடிட்சின்னா நம்ம கரண்டு நம்மகிட்ட, அண்ணே. மொத வேலையா கெணத்துக்கு மோட்டாரு" என்றான் கலியனிடம்.

குழாய்களைப் பூட்டி, சக்கரத்தோடு ஒரு சின்னப் பல்பை இணைத்தான். முதல் நாள் பல்பு ஊதுவத்தி நுனி மாதிரிச் சிவந்து அணைந்தது. போட்ட சூட்டில் நூற்றில் அரைப் பங்குதான் கரண்டாகிறது என்று வரதராஜன் நோட்டில் எழுதினான். அதைக் கூட்ட வழி ஒன்றுதான்: குளிர்ந்த தண்ணீர் இன்னும் வேகமாகப் பாய வேண்டும். நிமிஷத்துக்கு இரண்டு வாளி மூன்றாயிற்று. அரைப் பங்கு ஒரு பங்காயிற்று. மூன்று நாலாயிற்று, ஒன்று ஒன்றரையாயிற்று. நோட்டில் கோடு ஏற ஏறக் கலியனின் தோள் இறங்கியது. அவனுக்கு அதில் வருத்தமில்லை. மோட்டார் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

வீட்டில் தோளுக்கு எண்ணெய் தேய்க்கும்போது பெண்சாதி பூவம்மாள், "கடலு கடலுன்னு சொல்லிக்கினு கீறியே, அதுல அலை யாரு? நீதானே?" என்று கேட்டாள். பரீட்சை வரைக்கும்தான் என்றான் கலியன்.

பரீட்சையன்று பேராசிரியர் சபாபதி மதராஸ் பஸ்ஸில் வந்து இறங்கினார். பல்பு நன்றாகவே எரிந்தது. குழாய்களைத் தொட்டுப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு, குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவர எவ்வளவு சக்தி செலவாகிறது என்று கேட்டார்.

"அதுக்கு ஒண்ணும் செலவில்ல சார். கலியன் இருக்காரு."

"கணக்குல அவரு எங்க இருக்காரு?"

வரதராஜன் நோட்டைப் புரட்டினான். கலியன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பேராசிரியர் வாளித் தண்ணீரை எடை போட்டார், கயிற்றை அளந்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நேரங்கழித்து வந்த நாட்களைத் தவிர, கலியனுக்காக யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. பரீட்சை இப்போது தன் கைக்கு வந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. இங்கே சோர்ந்தால் மோட்டார் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஐந்து வாளி இழுத்தான். தோள் கழன்று கயிற்றோடு போய்விடும் போலிருந்தது. நடுவில் பேராசிரியரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவைத்தான்.

பேராசிரியர் எழுதினார்: ஆள், நூறு வாட். பல்பு, மூன்று வாட்.

"இவரு கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா உன் மெஷினுக்கு மானம் தப்பிச்சிருக்கும்" என்றார்.

வரதராஜன் முகம் வாடியதைப் பார்த்து, நிஜக் கடலிலும் இதே வியாதிதான், விளைகிற கரண்டில் பெரும்பங்கைப் பம்பே தின்றுவிடும் என்று சமாதானம் சொல்லிப் பாஸ் மார்க்கும் போட்டார். போகும்போது, கப்பியில் ஒரு சைக்கிள் டைனமோவைக் கட்டியிருந்தால் இவ்வளவு குழாய் இல்லாமலே அந்தப் பல்பு எரிந்திருக்கும் என்று வேடிக்கையாகச் சொன்னார்.

வரதராஜன் வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிற பிள்ளை இல்லை. ஒரு வாரத்தில் குழாய்கள் பரணுக்குப் போயின, கப்பியில் டைனமோ உட்கார்ந்தது. டைனமோ பிடித்துக்கொண்டதால் கயிறு முன்னைவிடக் கனத்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது. நோட்டில் கோடு இதுவரை காணாத உயரத்துக்குப் போயிற்று.

பொழுது சாய்கிற நேரத்தில் முதலாளி வந்து பார்த்துப் பூரித்துப்போனார்.

"வெளிச்சம் வந்துட்சி பாரு. இனிமே இருட்டிட்சின்னு வேலைய நிறுத்த வேணாம்."

கலியன் கயிற்றைக் கல்லில் கட்டிவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் விஷயத்தைக் கேட்டான்.

"மோட்டாரு எதுக்குப்பா? எல்லாம் நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது" என்ற முதலாளி, பல்பு அணைந்துபோயிருப்பதை அப்போதுதான் கவனித்தார். "இழு கலியா. பேசறவன் மொகமே தெரியல."

கலியன் இழுத்தான்.