இரண்டு மில்லிமீட்டர் எழுத்து

ஒரு ரயில் பெட்டியை வாழைப்பழமாக்க ஹீட் கன்னுக்குப் பன்னிரண்டு விநாடி போதும். இதை நான் எங்கும் படிக்கவில்லை. சொந்தக் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பெட்டி ஒரு சாண் நீளம். மீட்டர்கேஜ் காலத்துப் பாசஞ்சர் வண்டியின் மாதிரி. பிளாஸ்டிக் தகட்டைக் கீறி வெட்டி ஒட்டி, ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் வைத்து, செங்காவி நிறம் அடித்து, மாரிக்கனி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து நான்கு மாதமாகச் செய்தது. அதன் பக்கவாட்டில் மஞ்சளில் 'பெண்களுக்கு மட்டும்' என்று ஒட்டித் தரும்படி என்னிடம் கொடுத்திருந்தாள்.

ராஜபாளையத்தில் எனக்கு ஸ்டிக்கர் கடை. பதினேழு வருடமாகப் பைக் டேங்கில் ஒட்டுகிறேன். வளைவில் ஸ்டிக்கர் படியவில்லை என்றால் சூடு காட்ட வேண்டும், இளகி உட்கார்ந்துகொள்ளும். பெட்டியில் கீறியிருந்த பலகைக் கோடுகளில் எழுத்து படியவில்லை. கை தானாகப் போய், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்தது. டேங்க் தகரம், பெட்டி பிளாஸ்டிக் என்பது என் தலைக்குத் தெரியும். ஆனால் அன்று தலையிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

"ஏலே வேல்பாண்டி, ரயிலு வளைவுல திரும்புது" என்றார் முனீஸ்வரி அக்கா. கடையில் வெட்டிய ஸ்டிக்கர்களில் வேண்டாத பகுதியை ஊசியால் உரித்தெடுப்பது அவர் வேலை. என்னை உரித்தெடுப்பதும் அவர் வேலைதான், அதற்குத் தனிச் சம்பளம் இல்லை.

மாலையில் மாரிக்கனி வந்தாள். கிருஷ்ணன்கோவிலில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் லேப் இன்ஸ்ட்ரக்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். கல்லூரி பஸ்ஸில் ஊருக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்திருந்தாள். பெட்டியை எடுத்து, ஒரு கண்ணை மூடி, தச்சாசாரி சட்டம் பார்ப்பது போல நீளவாக்கில் பார்த்தாள்.

"எம்புட்டு நேரம் சூடு காட்டினீங்க?"

"பன்னெண்டு செகண்ட்."

"ஆறாவது செகண்ட்லயே வளைஞ்சிருக்குமே?"

"வளைஞ்சிச்சு. நேராக்கிடலாம்னு இன்னொரு ஆறு காட்டினேன்."

அவள் பெட்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு மதுரையில் மாதிரி ரயில் செய்கிறவர்களின் கண்காட்சி. அவளை முதல்முறையாக அழைத்திருந்தார்கள். நடுவில் பத்து நாள்தான் இருந்தது.

"கோவமா மேடம்?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இதுதான் மாரிக்கனி. எதைக் கேட்டாலும் நேரான பதில் வராது. ஆனால் அந்தப் பழியை முழுக்க அவள் மேல் போட முடியாது. நேரான கேள்வி என்று ஒன்றை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

ஒரு வருடம் முன்பு ஸ்கூட்டர் நம்பர் பிளேட்டுக்காகத்தான் முதலில் வந்தாள். எல்லாக் கடைக்காரரையும் போல என்னையும் "அண்ணாச்சி" என்றாள். மூன்றாவது முறை வந்தபோது அந்த அண்ணாச்சியைக் காணோம். பதிலுக்கு வேறு எதுவும் கூப்பிடவும் இல்லை. ஒரு அண்ணாச்சி காணாமல் போனதை வைத்து நான் ஆறு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு கல்யாணப் பேச்சை எடுத்தேன், என் லட்சணத்தில். கல்யாணக் காரில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்றை வெட்டி, 'மணமகன்: வேல்பாண்டி, மணமகள்:' என்று போட்டு, மிச்ச இடத்தைக் காலியாக விட்டு அவள் முன்னால் வைத்தேன்.

"இந்த இடம் ரொம்ப நாளா காலியாக் கிடக்கு மேடம்."

அவள் குனிந்து பார்த்தாள். "எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரியில்ல" என்றாள்.

இரண்டாவது முறை, நம் இருவர் பெயரையும் ஒரே ஃபான்டில் போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "படிக்க முடியாது" என்றாள். மூன்றாவது முறை வாட்ஸ்அப்பில், நாலு சிரிப்புப் பொம்மையோடு கேட்டேன். பதிலுக்கு ஒரு இன்ஜின் படம் வந்தது.

சிரித்துக்கொண்டே கேட்டால், இல்லை என்று வந்தாலும் சிரித்தபடியே வெளியேறிவிடலாம். முப்பத்தொன்பது வயதில் என் வீரம் அவ்வளவுதான்.

அவள் ஏன் நழுவுகிறாள் என்பதை முனீஸ்வரி அக்காதான் சொன்னார். அவர் மம்சாபுரம். மாரிக்கனிக்கு முன்பு பார்த்த மாப்பிள்ளையும் அந்த ஊர்தான். "பெர்மனென்ட் வேலைன்னு சொல்லியிருக்காக. பத்திரிகை அடிச்ச பொறவு பாத்தா, கான்ட்ராக்ட். அதுவும் முடிஞ்சு போச்சு. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்னன்னு ஊரே கேட்டுச்சு. இந்தப் புள்ள ஒத்தையில நின்னு கல்யாணத்தை நிப்பாட்டிட்டா."

இதைக் கேட்ட பிறகு எனக்கு இன்னும் பயம் வந்துவிட்டது. நானே கொஞ்சம் முன்னப்பின்ன ஆள்தான்.

பெட்டியை வளைத்த மறுநாள் அவளுக்கு எழுதினேன்: 'பெட்டியைத் திரும்பச் செய்ய என்னால் முடியாது. எழுத்தையாவது சரியாகச் செய்து தருகிறேன்.' பதிலாக ஒரு படம் அனுப்பினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பக்கம் வந்து எடுத்து, இணையத்தில் போட்டிருந்த படம். பிளாட்பாரத்தில் நிற்கும் பெட்டி, அதன் மேல் மஞ்சளில் 'பெண்களுக்கு மட்டும்'. கூடவே ஒரு வரி: 'இதே எழுத்து வேணும். உயரம் ரெண்டு மில்லிமீட்டர்.'

என் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்ட் மட்டும் அறுநூற்றுச் சொச்சம் இருக்கிறது. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நாலைந்து மாதிரி அனுப்புவேன்.

'இது கல்யாணப் பத்திரிகை' என்று பதில் வரும்.

'இது?'

'ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி.'

'இது?'

'கண்ணீர் அஞ்சலி.'

எட்டாம் நாள், கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் கிடந்த ஒரு பழைய ஃபான்டைத் தோண்டி எடுத்தேன். தடிமன், வளைவு, மஞ்சள் எல்லாம் பொருந்தின. 'சேம் டு சேம் மேடம், ரயில்வேகாரனே ஏமாந்துபோவான்' என்று எழுதி அனுப்பினேன். செத்த நேரம் கழித்து வந்தது: 'சரியா இருக்கு. சனிக்கிழமை பிரிண்ட் எடுத்துக்கிட்டு வாங்க.' அதன் கீழே, கேட்காமலே இன்னொரு வரி: 'தேங்க்ஸ்.'

அந்த தேங்க்ஸை ஃபிரேம் போட நான் அளவெடுக்காததுதான் குறை.

சனிக்கிழமை காலை பிரிண்ட் கொடுப்பதற்கு முன், அளவு சரிபார்க்கப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். பெரிதாக்கியிருக்கக் கூடாது.

'பெண்களுக்கு' என்பதில் மூன்று க. ஃபான்டில் மூன்றும் ஒரே அச்சு. படத்தில் மூன்றும் மூன்று ஆள். முதல் க வயிறு நிறையச் சாப்பிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இரண்டாவது, புள்ளிக்காக முதுகைக் கொஞ்சம் குறுக்கியிருந்தது. மூன்றாவது, கூட்டத்தில் இடம் பிடித்ததைப் போல ஒடுங்கி, காலை உள்ளே மடக்கியிருந்தது. 'மட்டும்' வருவதற்குள் நிலைமை முற்றிவிட்டது. கடைசி ம் கதவுக் கைப்பிடியில் இடிக்காமலிருக்க ஒரு நூல் மேலே ஏறி நின்றது.

பிரஷ்ஷால் எழுதியவர் யாரோ, இடம் போதாது என்பது பாதியில்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. ஆனால் அவரை எந்த ஃபான்டிலும் பிடிக்க முடியாது.

"அக்கா, இது சேரல."

முனீஸ்வரி அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அந்தப் புள்ளையே சரின்னுட்டால்லா? எழுத்து அரிசியில பாதி இல்ல, எவன் பாக்கப் போறான்? வாயை மூடிக்கிட்டுப் பிரிண்ட் போடு."

"நான்தான சேம் டு சேம்னு சொன்னேன்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். பெட்டிய உருக்கினவன் எழுத்தையும் கோட்டை விட்டுட்டான்னு தெரியணுமா? நாளைக்கு மதுரைக்குப் போகணும் அவ. இப்பப் போய் புதுசா வேலை வைக்காத."

அக்கா சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் சும்மா இருந்தால் அவள் சந்தோஷமாகப் போவாள், பாராட்டு வாங்குவாள், எனக்கு இன்னொரு தேங்க்ஸ் கிடைக்கும். சொன்னால், கண்காட்சிக்கு முதல் நாள் அவள் வேலையை நான் இரண்டாம் முறை கெடுத்தவன் ஆவேன். அதன் பிறகு என்னிடம் ஸ்கூட்டர் பிளேட்டுக்குக்கூட வரமாட்டாள்.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பிரிண்ட் போடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டு முன்கூடத்தில் அவள் அம்மா வெள்ளத்தாய் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, ரயில உருக்கின தம்பியா?"

"ஆமாம்மா."

"வாங்க, உக்காருங்க. ஃபேனப் போட்டா பயப்படாதீங்க, அதுல சூடு வராது."

இந்த வீட்டில் கிண்டல் தொழிலில் எனக்குப் போட்டி இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

உள் அறையில் மேசை நிறையத் தண்டவாளம். நடுவில் புதுப் பெட்டி, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக. மாரிக்கனியின் விரல்களில் செங்காவி ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே பத்து நாள் தூக்கம் பாக்கி நின்றது.

"பிரிண்ட் எங்க?"

"கொண்டு வரல. ஒண்ணு சொல்லணும். நான் அனுப்பினது சேரல. சேம் டு சேம்னு சொன்னது தப்பு."

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். மூன்று க. மேலே ஏறிய ம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் ஃபான்டைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி ஃபான்டைப் பார்த்தாள். கூடத்தில் மொச்சை தட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாலு மாசமா இந்தப் படத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். "எனக்குத் தெரியலையே."

"எழுத்தப் பாக்குறது என் பொழப்பு. மொதல்லயே பெருசாக்கிப் பாத்திருக்கணும்."

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமா."

"பொறவு ஏன் சொன்னீங்க?"

தொண்டை வரை ஒரு ஜோக் வந்தது. நல்ல ஜோக்தான். விழுங்கிவிட்டேன்.

"உங்களுக்கு ஏறக்குறையன்னு ஒண்ணக் கொடுக்க மனசு வரல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். "பத்து எழுத்துதான? ஒவ்வொண்ணா வரைஞ்சிருவோம்."

படத்தின் மேலேயே ஒவ்வொரு எழுத்தையும் கோடு பிடித்தோம். நான் மவுஸை நகர்த்த, அவள் பக்கத்திலிருந்து சொல்வாள்: "வயிறு இன்னும் கொஞ்சம். போதும். காலை மடக்குங்க." இரண்டு பேருக்கும் அந்த ஊர்பேர் தெரியாத பெயின்டரின் கையைப் பிடித்துப் பின்னாலேயே போவது போலிருந்தது. மூன்றாவது க-வை முடித்தபோது அவள் சிரித்தாள். "இந்த இடத்துலதான் மனுசனுக்கு விஷயம் புரிஞ்சிருக்கு" என்றாள்.

வெள்ளத்தாயம்மா இருமுறை டீ கொண்டுவந்தார். இரண்டாம் முறை லேப்டாப்பை எட்டிப் பார்த்து, "இந்தப் பத்து எழுத்துக்கா காலையில இருந்து?" என்றார். "நான் போஸ்ட் கார்டுல முழு லெட்டரே எழுதிருவேன்."

பகல் இரண்டு மணிக்கு, என் கடைக்குப் போய்வர நேரமில்லாமல், அவள் வீட்டு பிரிண்டரிலேயே, தண்ணீரில் நழுவுகிற டீகால் தாளில் எடுத்தோம். எழுத்து மஞ்சள், சுற்றிலும் பெட்டியின் செங்காவி. மேலே வார்னிஷ் தெளித்துக் காயவைத்து, நகத்தளவுத் துண்டாக வெட்டி, கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். பிறகு சின்ன பிரஷ்ஷை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே வைங்க."

"நானா?"

"பத்து நாளைக்கு முன்னாடி உங்ககிட்டக் கொடுத்த வேலைதான."

பதினேழு வருடத்தில் எத்தனையோ பைக், ஆட்டோ, லாரி. அந்த நகத்தளவுத் துண்டுக்குத்தான் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். தாளிலிருந்து எழுத்தைப் பெட்டி மேல் நழுவவிட்டு, பிரஷ் நுனியால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், கைப்பிடிக்கு ஒரு நூல் மேலே கடைசி ம்மை நிறுத்தினேன். அவள் டிஷ்யூ நுனியால் ஓரத்து ஈரத்தை ஒற்றி எடுத்தாள். எழுத்து பலகைக் கோடுகளில் தானாகப் படிந்தது. எந்தச் சூடும் கேட்கவில்லை.

இருவரும் குனிந்தபடியே இருந்தோம். இப்போது கேட்காவிட்டால் இனி ஜோக்காகத்தான் கேட்பேன் என்று எனக்கே தெரிந்தது.

"மாரிக்கனி" என்றேன். மேடம் போடாமல் அந்தப் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை. "எனக்குச் சொந்தமா ஒரு கடை இருக்கு, அது வாடகைக் கட்டடம். வீட்டுல அம்மா இருக்காக. எனக்குச் சுகர் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. முடி முன்னாடி போயிக்கிட்டிருக்கு, அது உங்களுக்கே தெரியும். வேற மறைச்சது ஒண்ணுமில்ல. என்னைக் கட்டிக்கிடுவீங்களா? சிரிக்காமக் கேக்கேன்."

கூடத்தில் மொச்சைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவள் டிஷ்யூவை மடித்து வைத்தாள். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தாள். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"கட்டிக்கிடுதேன். வேலையை விடமாட்டேன். அம்மா எங்கூடத்தான் இருப்பா. நாளைக்கு மதுரைக்குக் கூட வாங்க. திரும்புற வழியில உங்க வீட்டுக்கு வந்து உங்க அம்மாகிட்ட நானே பேசுதேன்."