ஜாடியில் எத்தனை கோலி?

கிடங்கில் அவளைக் கணக்குப்புலி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கண்டெய்னரில் எத்தனை அட்டைப்பெட்டி ஏறும், எதைப் படுக்கவைத்து எதை நிமிர்த்திவைத்தால் ஓரத்தில் இடம் மிஞ்சாது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். பதினோரு வருஷத்தில் அவள் போட்ட லோடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவளைத் தொடர்ந்து வந்துவிட்டது. பார்க்க வந்த கிடங்குத் தோழி ஒருத்தி வாய் தவறிக் கூப்பிட, மூன்றாவது மாடி வார்டில் இருந்த ஐந்து கர்ப்பிணிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஆறாவது மாதத் தொடக்கத்தில் வந்து படுத்தவள். கருப்பை வாய் பலமில்லை என்று தையல் போட்டு, குளியலறைக்குப் போவதைத் தவிரக் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா. இதற்கு முன்னால் இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. அதனால் இந்த முறை அவளும் அவள் கணவனும் குழந்தை என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. ஒரு சட்டைகூட வாங்கவில்லை. டாக்டரம்மா வரும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான்: "இருபத்தெட்டு வாரம் தாண்டினா நூத்துக்கு எத்தனை பங்கு நல்லபடியா முடியும் டாக்டர்? முப்பது தாண்டினா?" டாக்டரம்மா சொல்லும் எண்ணை மனசுக்குள் வாங்கி வைத்துக்கொள்வாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையற்காரி இருந்தாள். அவளுக்கு ரத்த அழுத்தம். இவளைவிட ஏழெட்டு வயது சின்னவள், வாய் ஓயாதவள். "அக்கா, நான் ஊருக்கெல்லாம் தையல் போடுறேன், உங்களுக்கு டாக்டரம்மா போட்டுட்டாங்க. நூல் நல்ல நூலான்னு கேட்டீங்களா?" என்று முதல் நாளே கேட்டுச் சிரிக்க வைத்தவள். வீட்டில் அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் இருந்தாள். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். தினமும் போனில்தான் பேச்சு.

அந்த வார்டில் ஒரே ஒரு ஜன்னல்தான் நல்ல ஜன்னல். மற்றவற்றுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். இந்த ஒன்றிலிருந்து மட்டும் ரோடு, பஸ் நிறுத்தம், வரிசையாக நான்கு மரங்கள் எல்லாம் தெரியும். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவள் இரட்டைக் குழந்தைகளோடு வீட்டுக்குப் போனதும் சண்டை ஆரம்பித்தது. வந்து அதிக நாளானவளுக்குத்தான் என்றாள் ஒருத்தி. மூச்சு முட்டுகிறவளுக்குத்தான் என்றாள் இன்னொருத்தி. குரல் தாழ்வாரம் வரை போய், பெரிய சிஸ்டர் வந்து நின்றார். முப்பது வருஷமாக அந்த வார்டை ஆள்கிறவர். இடுப்பில் கை வைத்தாரென்றால் ஈ பறக்காது.

"குழாயடியா இது? கட்டிலுக்கு நான் ஒரு வழி பண்றேன். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

மறுநாள் காலையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்து வரை கோலிக் குண்டுகள். பால் வெள்ளையும் கருநீலமும் செங்கல் நிறமுமாக, உள்ளே பார்வை நுழையாத குண்டுகள்.

"எம் பசங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல சேத்தது. எத்தனை இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மூணு நாள் டைம். ஆளுக்கொரு நம்பர் சீட்டுல எழுதிக் குடுங்க. யார் கிட்டக்க வர்றாளோ அவளுக்கு ஜன்னல். தொட்டுப் பாக்கலாம், திறக்கக் கூடாது."

"போச்சு போ, புலிக்கு ஆட்டுக்குட்டிய அவுத்து விட்டாச்சு" என்று கடைசிக் கட்டிலில் இருந்த டீச்சர் முனகினாள்.

கணக்குப்புலிக்கு வெகு நாளைக்குப் பிறகு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. தையற்காரியிடம் இஞ்சு டேப் இருந்தது. அதை வாங்கி ஜாடியின் சுற்றளவும் உயரமும் எடுத்தாள். கண்ணாடியின் கனத்தைக் கழித்தாள். கணவனுக்குப் போன் போட்டு, "வரும்போது இதே அளவுல ஒரு டஜன் கோலி வாங்கிட்டு வாங்க" என்றாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் ஆரம்பித்ததும் கையில் கிரீஸ் வாசனையோடு ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டினான்.

"டஜன்தானே கேட்டேன்?"

"கடைக்காரர் பிள்ளைக்கான்னு கேட்டாரு. நானும் வாய் தவறி ஆமான்னுட்டேன். அவரா ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டாரு."

அவள் குண்டுகளை ஆஸ்பத்திரி டம்ளர் நிறையப் போட்டு எண்ணினாள். ஐம்பத்திரண்டு. ஜாடிக்குள் எத்தனை டம்ளர் போகும் என்று பார்த்தாள். உருண்டை சாமான் எவ்வளவு நெருக்கினாலும் இடையில் காற்று நிற்கும், சின்ன பாத்திரத்தைவிடப் பெரிய பாத்திரத்தில் ஓரத்து வீண் குறையும். இதெல்லாம் அவளுக்குக் கிடங்குப் பாடம். சேர்த்துக் கழித்து அறுநூற்று முப்பத்திரண்டில் வந்து நின்றாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

ஜாடியைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஐநூறு… ஒரு இருபது சேத்துக்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"தோணுது."

"தோணுறதெல்லாம் கணக்கா? நல்லவேளை, லிஃப்ட்ல எத்தனை பேர் ஏறலாம்னு நீங்க எழுதறதில்ல" என்றாள். அவனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

சீட்டுக் கொடுக்க வேண்டிய நாள் காலையில் தையற்காரி போனில் பேசிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் அந்தக் குழந்தையின் குரல் இவளுக்கும் கேட்டது.

"அம்மா, உன்ன யாரும்மா உள்ள வச்சுப் பூட்டினாங்க?"

"யாரும் பூட்டலடா தங்கம். பாப்பா வர்ற வரைக்கும் அம்மா படுத்திருக்கணும்."

"பொய். நீ எங்கயோ போயிட்ட. அத்தை வீட்டு அண்ணன் சொன்னான்."

போனை வைத்துவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு, "அந்த ஜன்னல் கெடச்சா மாமியாரைப் பிள்ளையத் தூக்கிட்டு ரோட்டுக்கு அந்தாண்ட வந்து நிக்கச் சொல்லலாம்னு பாத்தேன்க்கா. ஒரு தடவை என்னப் பாத்துட்டா நம்பிடுவா. ஆனா எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே பார்க்கக் கணக்குப்புலிக்கு யாருமில்லை. ஒன்றையாவது சரியாகச் சொல்லி ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதை விழுங்கிக்கொண்டாள்.

"இங்க பாரு. அறுநூத்து முப்பத்திரண்டுன்னு எழுது. யார்கிட்டயும் மூச்சு விடாத."

"அப்ப நீங்க?"

"நான் ஏதோ எழுதிக்கிறேன். நீ எழுது."

தன் சீட்டில் தோற்பதற்கென்றே ஒரு எண் வேண்டியிருந்தது. கணவன் சொன்னது ஞாபகம் வந்தது. ஐநூற்று இருபது என்று எழுதி மடித்துக் கொடுத்தாள்.

பதினொரு மணிக்குப் பெரிய சிஸ்டர் வார்டின் நடுவில் நின்று சீட்டுகளைப் பிரித்தார். ஒருத்தி ஆயிரம். டீச்சர் எழுநூற்று ஐம்பது. இன்னொருத்தி முந்நூறு. தையற்காரி அறுநூற்று முப்பத்திரண்டு. "சரியான விடை ஐநூத்து முப்பத்தெட்டு. ஐநூத்து இருபது எழுதின நம்ம புலிக்குத்தான் ஜன்னல்" என்றார்.

வார்டே கைதட்டியது. கணக்குப்புலிக்கு முகம் வெளிறிப் போயிற்று. தையற்காரி மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தப்பான நம்பர் குடுத்துட்டு, சரியானதை நீங்க வச்சுக்கிட்டீங்களாக்கா?"

"சத்தியமா இல்ல. அதுதான் என் கணக்கு. இது… இது எங்க வீட்டுக்காரர் சும்மா சொன்னது."

"ஜன்னல் வேணும்னா கேட்டிருக்கலாமே, நானே விட்டுக் குடுத்திருப்பேன். எதுக்கு ஆசை காட்டினீங்க?"

கணக்குப்புலிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "சிஸ்டர், அந்த ஜாடியில ஐநூத்து முப்பத்தெட்டு இருக்க முடியாது. பத்து வித்தியாசம் வரலாம், இருபது வரலாம். தொண்ணூத்து நாலு வராது. கொட்டி எண்ணுங்க!"

"என் வார்டுல என்னையே சந்தேகப்படறியா?" என்றாலும் பெரிய சிஸ்டரின் குரலில் வழக்கமான உறுதி இல்லை. ஒரு போர்வையை விரித்து ஜாடியைக் கவிழ்த்தார். கோலிகள் கலகலவென்று கொட்டின. அவற்றின் நடுவே தொப்பென்று ஒரு காலி டானிக் பாட்டில் வந்து விழுந்தது.

டீச்சர் கட்டிலிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"அது… கோலி பத்தல" என்றார் பெரிய சிஸ்டர். முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவர் அசடு வழிந்தார். "முக்கால் ஜாடிக்குக் கொஞ்சம் மேல நின்னுபோச்சு. குறையா வச்சா பாக்க நல்லா இருக்காதேன்னு நடுவுல அதை வச்சேன். எத்தனை கோலின்னுதானே கேட்டேன், உள்ள வேற என்ன இருக்குன்னா கேட்டேன்?"

முதலில் சிரித்தது டீச்சர்தான். அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. கணக்குப்புலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்க, "அக்கா, சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சிடப் போவுது!" என்று அலறினாள் தையற்காரி. அலறிய வேகத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"என்ன மன்னிச்சிடுங்கக்கா. கட்டில் உங்களுக்குத்தான்."

"எனக்கு எதுக்கு? நீ போ."

"நான் போகமாட்டேன்."

"அடுத்த சண்டையா?" என்று பெரிய சிஸ்டர் இடுப்பில் கை வைத்தார்.

கணக்குப்புலி ஜன்னல் பக்கம் பார்த்தாள். மூலையில் மருந்து அலமாரி, நடுவில் கட்டில், இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. ஒரு கண்டெய்னரின் வாசலில் நின்று பார்ப்பது போல அளந்தாள். "அலமாரிய எதிர்ச் சுவருக்குத் தள்ளுங்க சிஸ்டர். கட்டிலோட தலைமாட்டைச் சுவர்ப் பக்கம் திருப்புங்க. பக்கத்துலயே இன்னொரு கட்டில் நிக்கும். நடுவுல உங்க ட்ரேயோட நீங்க வர்ற அளவுக்கு இடமும் இருக்கும்."

"நிக்காது."

"நிக்கும். அங்க உள்ள எதையும் யாரும் ஒளிச்சு வைக்கலயே?"

பெரிய சிஸ்டர் அவளை முறைத்தார். பிறகு கட்டில் தள்ளுகிறவரைக் கூப்பிட்டார். சக்கரங்கள் கிறீச்சிட்டன. இரண்டு கட்டில்களும் போய் நின்றன. நடுவில் ட்ரேயோடு ஒரு முறை போய்வந்து பார்த்துவிட்டு, பெரிய சிஸ்டர் வெளியேறினார்.

நாலு மணிக்கு வந்த கணவன் பழைய இடத்தில் கட்டில் இல்லாததைப் பார்த்து ஒரு கணம் ஆடிப்போய்விட்டான். ஜன்னலோரத்திலிருந்து அவள் கையசைத்த பிறகுதான் மூச்சு விட்டான். நடந்ததைக் கேட்டதும், "அப்ப ஜெயிச்சது நானா?" என்றான்.

"ரொம்பப் பீத்திக்காதீங்க." சிரித்தபடி சொன்னவளுக்குச் சட்டென்று கண் நிறைந்தது. "ரெண்டு தடவையும் நூத்துக்குத் தொண்ணூறு நல்லபடியா முடியும்னாங்க. ரெண்டு தடவையும் மிச்சம் பத்துல போய் விழுந்தேன். அப்புறமும் கணக்கைத்தான் பிடிச்சுத் தொங்கறேன்." அவன் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். மாதக் கணக்கில் அவள் அதைச் செய்ததில்லை. "இந்தத் தடவை உங்களுக்கு என்ன தோணுது?"

"மூக்கு மட்டும் உன்ன மாதிரி இருந்துடக் கூடாதுன்னு தோணுது" என்றான்.

அதற்குள் பக்கத்தில் தையற்காரி தலையணையில் எக்கி எழுந்தாள். அவள் போனில் சொன்னபடி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாமியாரும் மஞ்சள் கவுன் போட்ட அந்தச் சின்னப் பெண்ணும் வந்து நின்றிருந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு நூறு ஜன்னல். குழந்தை ஐந்தாவது மாடியில் துணி காயப்போட்டிருந்த ஏதோ ஒரு ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தது. "இங்கடா, இங்க!" என்று தையற்காரி கத்தியது கண்ணாடியைத் தாண்டவில்லை.

கணவன் எதுவும் கேட்காமல் படியில் ஓடினான். ரோட்டைக் கடந்து, மாமியாரிடம் ஏதோ சொல்லி, குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அதன் சுட்டுவிரலைப் பிடித்து, மேலிருந்து ஒவ்வொரு மாடியாகக் காட்டி இறக்கிக்கொண்டு வந்தான். மூன்றாவது மாடியில் நிறுத்தி, இடமிருந்து ஒவ்வொரு ஜன்னலாகத் தள்ளினான். விரல் சரியாக இங்கே வந்து நின்றதும் குழந்தை கையசைக்க மறந்துபோய் வாயைத் திறந்து பார்த்தது. அப்புறம் அவன் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதித்தது.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அவனுக்கு முதலில் ரோட்டில்தான் வேலை.

தையற்காரிக்கு ஆறு வாரம் கழித்து ஒரு பையன் பிறந்தான். வீட்டுக்குப் போகும் முன் ஒரு பொட்டலத்தை இவள் தலையணைக்கு அடியில் செருகினாள். தன் பழைய பருத்திப் புடவையை வெட்டிக் கையாலேயே தைத்த வெள்ளைச் சட்டை. அத்தனை நாள் பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தும் அவள் எப்போது தைத்தாள் என்று இவளுக்குத் தெரியவில்லை.

"அளவு எப்படித் தெரிஞ்சுது?"

"அளவெல்லாம் எதுக்குக்கா? கண்ணளவுதான்."

முப்பத்தாறாவது வாரத்தில் கணக்குப்புலிக்குப் பெண் பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு, குரல் கொஞ்சம் அதிகம் என்றார் பெரிய சிஸ்டர். மூக்கு அச்சு அசல் அம்மாவினுடையது. வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். சட்டையின் கை இரண்டும் விரலைத் தாண்டி ஒரு சாண் தொங்கின. கணவன் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, கிரீஸ் போகக் கழுவிய விரல்களால் அவற்றை மூன்று மடிப்பாக மடித்துவிட்டான். குழந்தை தூங்கிக்கொண்டேயிருந்தது.